நான் எடுத்துவிட்ட ஒரு வரி

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதல் சில நொடிகள் திரையில் என்ன வர வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையில் நீங்கள் சேர்ந்திருக்கிறீர்கள். இது சின்ன வேலை என்று உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் பட்டது. அதனால் அந்த வேலையில் நான் செய்த ஒரு தப்பை உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். தொழில்நுட்பம் எதையும் விளக்கப் போவதில்லை. அதெல்லாம் மாறிவிட்டது, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். அப்போது ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். வெளியிலிருந்து பாகங்களை வரவழைத்து, கம்ப்யூட்டராகப் பூட்டி விற்போம். மெஷினுக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எங்கள் போர்டுகளுக்குத் தோதாக மாற்றி எழுதுவது என் பொறுப்பு. ஆன் செய்ததும் அது மெமரியைத் தட்டிப் பார்க்கும், ஃபிளாப்பி டிரைவ் சுற்றுகிறதா என்று பார்க்கும், பிரிண்டரைக் கூப்பிட்டுப் பார்க்கும், உள்ளே இருக்கும் கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்கும். பார்த்ததையெல்லாம் வரிவரியாகத் திரையில் எழுதும். மொத்தம் இருபத்திரண்டு வரி. அந்த இருபத்திரண்டும் நான் எழுதியவை. மெஷினின் வயிற்றைத் திறந்து காட்டுகிற மாதிரி எனக்கு ஒரு பெருமை.

நான் தருமபுரி டவுன்காரன். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அங்கே பாத்திரக்கடை. அதனால் அந்தப் பக்கம் எந்த மெஷின் போனாலும் கூடவே என்னையும் அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போனதுதான் பென்னாகரம் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். அதன் பொறுப்பில் இருந்த கன்னியாஸ்திரியை எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். காசநோய்க்காரர்களுக்கு அங்கே மாதாமாதம் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை நடுவில் நிறுத்தினால் நோய் இன்னும் மோசமாகத் திரும்பி வரும். ஆனால் இரண்டு மாதம் சாப்பிட்டதும் இருமல் நின்றுவிடும், ஆளுக்குத் தெம்பு வந்துவிடும், நிறையப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள். யார் வரவில்லை என்று கண்டுபிடித்து, வீடு தேடிப் போய் அழைத்து வருவதுதான் அந்த ஆஸ்பத்திரியின் பாதி வேலை. அதற்காகத்தான் கம்ப்யூட்டர். திங்கட்கிழமை தோறும் ஒரு பட்டியல் அச்சடிக்கும். தேதி தவறியவர்களின் பெயரும் ஊரும் அதில் இருக்கும். பட்டியலில் உள்ளவர்களைத் தேடி ஆள் கிளம்பும்.

மெஷினைப் பார்த்துக்கொண்டவர் ஆரோக்கியமேரி. அவருக்கும் என் வயதுதான், இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். டைப்ரைட்டிங் லோயர் பாஸ். அதற்கு முன்னால் அங்கேயே பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டே நாளில் வேலையைக் கற்றுக்கொண்டார்.

மெஷினை வைத்துவிட்டு வந்த மூன்றாவது வாரம் ஓசூருக்கு டிரங்க் கால் வந்தது.

"சார், மெஷின்ல எரர் வந்துருச்சுங்க. நான் ஒண்ணும் பண்ணலீங்க சார். ஆஃப் பண்ணித் துணி போட்டு மூடி வச்சிருக்கேன்."

"என்ன எரர்ங்க?"

"எரர்னு போட்டிருக்குதுங்க சார். அதுக்கு மேல படிக்கப் பயமா இருந்துச்சுங்க."

அடுத்த நாள் பஸ் ஏறினேன். கம்ப்யூட்டர் அறையில் மேரி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். துணியை எடுத்து ஆன் செய்தேன். வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி வரியைக் கையால் தொடாமல் தூரத்திலிருந்தே காட்டினார்.

"அதோ பாருங்க சார்."

'எரர்ஸ்: ஜீரோ' என்று இருந்தது. பிழை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எரர்னா தப்புன்னு முந்தாநாளுதான் நர்சம்மா ஒருத்தங்க சொன்னாங்க. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலீங்க சார். இவ்ளோ வெல கொடுத்து வாங்கின மெஷின நான் கெடுத்துட்டேன்னு சிஸ்டர்ட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அர்த்தத்தை விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"எரர் இல்லீன்னா எதுக்கு சார் எரர்னு எழுதணும்?"

மேசையில் ஒரு நோட்டு இருந்தது. திறந்து பார்த்தால், தினமும் காலையில் அந்த இருபத்திரண்டு வரிகளையும் அவர் கையால் எழுதி வைத்திருந்தார். எண் மாறுகிறதா என்று முந்தைய நாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம். எதற்கு என்று கேட்டேன்.

"எது முக்கியம்னு தெரியலீங்களே சார். அதான் எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன்."

ஓசூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த நோட்டுதான் மனதில் இருந்தது. பாவம், எவ்வளவு பயமுறுத்தியிருக்கிறேன் என்று தோன்றியது. அடுத்த பத்து நாளில் அந்த இருபத்திரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன். இனி ஆன் செய்தால் திரையின் நடுவில் 'ரெடி' என்ற ஒரே ஒரு சொல்தான் வரும். மேனேஜருக்கு ரொம்பப் பிடித்தது. "இதுதான்ப்பா கஸ்டமருக்கு வேணும்" என்றார். மேரிக்கும் பிடித்தது. எங்களிடம் மெஷின் வாங்கிய எல்லாருக்கும் புது ஃபிளாப்பி அனுப்பினோம்.

எடுத்த வரிகளில் ஒன்று கடிகாரத்தைப் பற்றியது. உள்ளே இருக்கும் கடிகாரம், மெஷின் ஆஃபில் இருக்கும்போது ஒரு சின்ன பேட்டரியில் ஓடும். பேட்டரி தீர்ந்து கடிகாரம் நின்றால், கடிகாரச் சிப்பில் ஒரு அடையாளம் விழும். 'என்னிடம் இருக்கும் தேதியை நம்பாதே' என்பதுதான் அதன் அர்த்தம். என் பழைய வரி அதைப் படித்துத் திரையில் சொல்லிக்கொண்டிருந்தது. மற்றவற்றோடு அதையும் எடுத்தேன். ஒரு நிமிடம் நின்று யோசித்தேனா என்றால், இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் இருக்கும்போது நாம் யோசிப்பதில்லை.

ஏழெட்டு மாதம் எந்தப் புகாரும் இல்லை. பிறகு ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. மேரியின் குண்டு குண்டான எழுத்து. இரண்டு வாரமாகப் பட்டியலில் ஒரு பெயர்கூட வரவில்லை, எல்லாரும் ஒழுங்காக மாத்திரை வாங்கிவிட்டார்கள் என்று சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம், வார்டில் எல்லாருக்கும் கேசரி செய்து கொடுத்தார் என்று எழுதியிருந்தார். அதன் கீழே இரண்டு வரி:

'ஆனால் ஏரியூர் பக்கத்து மாதம்மா வரவில்லை சார். வந்தால் என் ஜன்னல் பக்கத்தில்தான் உட்காருவாள், எனக்குத் தெரியாமல் போகாது. பட்டியல் சரியா, நான் சரியா?'

நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? ஒரு போஸ்ட் கார்டில் நாலே வரி. கம்ப்யூட்டர் தானாகத் தப்பு செய்யாது, அந்த நோயாளியின் விவரத்தைச் சரியாகப் பதிவு செய்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள் என்று எழுதினேன். அந்தக் கார்டு இப்போது என்னிடம் இருந்தால் உங்களுக்குக் காட்டியிருப்பேன். எழுதும்போது எனக்கு அதில் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை.

மூன்று வாரம் கழித்து அடுத்த கடிதம் வந்தது. 'பதிவை நாலு முறை பார்த்தேன் சார், சரியாகத்தான் இருக்கிறது. இந்த வாரமும் பட்டியல் காலி. பட்டியலில் பெயர் இல்லாமல் ஆள் அனுப்ப மாட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள்.'

அந்த 'மனசு கேட்கவில்லை'தான் என்னை எழுப்பியது. மறுநாளே போனேன்.

ஆன் செய்தேன். 'ரெடி' என்று அழகாக வந்தது. பதிவுகளைப் பார்த்தேன், மேரி சொன்னபடி எல்லாம் சரி. பட்டியல் போடும் புரோகிராமைப் பார்த்தேன், அதிலும் தப்பில்லை. ஏதோ தோன்றி, தேதியைக் காட்டச் சொல்லி டைப் செய்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று என்று காட்டியது.

பேட்டரி போய்விட்டிருந்தது. தினமும் காலையில் மெஷின் கண் விழித்து, இன்று எண்பதாம் வருடத்தின் முதல் நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அதன் கணக்குப்படி யாருடைய தேதியும் இன்னும் வரவே இல்லை. அப்புறம் யார் தவறியிருக்க முடியும்? அச்சடித்த தாளிலும் தேதி கிடையாது. ஆஸ்பத்திரியில் எல்லாத் தாளிலும் ரப்பர் ஸ்டாம்பால் தேதி குத்துவது வழக்கம் என்பதால் அந்த இடத்தை நான்தான் காலியாக விட்டிருந்தேன். மேல் மூலையில் ஸ்டாம்பின் சரியான தேதி, கீழே பொய்யான பட்டியல்.

மேரி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க சார் தேதி இது?"

"கடிகாரம் நின்னுபோச்சுங்க."

"அப்ப மெஷினுக்கு இன்னிக்கு என்ன நாளுன்னே தெரியாதுங்களா?"

"தெரியாது."

குனிந்து திரையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கேட்டார்: "தெரியாதுங்கறது அதுக்குத் தெரியுமுங்களா சார்?"

நாற்பது வருடத்தில் என்னிடம் எவ்வளவோ பெரிய ஆட்கள் எவ்வளவோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதுபோல ஒன்றை யாரும் கேட்கவில்லை.

"தெரியுங்க" என்றேன். "உள்ள ஒரு அடையாளம் இருக்குது."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நான் சொல்ல விடலீங்க. நீங்க பயப்படறீங்கன்னு அந்த வரியையும் சேத்து எடுத்துட்டேன்."

அவர் கோபப்படவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்தார். உள்ளே அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. கம்ப்யூட்டர் வந்த பிறகு காகித அட்டை தேவையில்லை என்று நாங்கள் கொடுத்த புத்தகத்தில் எழுதியிருந்தது. அவர் விடாமல் எழுதியிருக்கிறார்.

"அதுக்கும் ஒரு நாள் ஒடம்புக்கு முடியாமப் போயிருச்சுன்னா என்னா பண்றதுன்னுதான் சார்" என்றார், ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி.

இருவரும் உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்தோம். சிஸ்டரிடம் போவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி போனிலிருந்து ஓசூருக்குப் பேசி மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் பயந்துவிட்டார்.

"பேட்டரி போயிருச்சுன்னு சொல்லு. புதுசு போட்டுக் குடு. பேட்டரி போனது பொய்யில்லையே?"

பொய் இல்லைதான். அதுதான் என்னைக் குழப்பியது. சிஸ்டரின் அறைக்கு நடக்கும் அந்த நாற்பது, ஐம்பது அடி தூரம் முழுக்க, 'பேட்டரி போய்விட்டது சிஸ்டர்' என்ற வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அது உண்மையான வாக்கியம். அதைச் சொன்னால் என் மேல் எதுவும் வராது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு மேரியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் என் பக்கத்தில்தான் நடந்து வந்துகொண்டிருந்தார்.

சிஸ்டர் வயதானவர், குரல் உயர்த்தாதவர். முழுவதையும் சொன்னேன். பேட்டரி போனது, அதைச் சொல்லும் வரியை நான் எடுத்தது, மேரி எழுதிய கடிதம், நான் போட்ட கார்டு. சொல்லி முடித்ததும் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எத்தனை பேரு?" என்றார். "மொதல்ல அதச் சொல்லுங்க."

"பதினேழு பேருங்க சிஸ்டர்" என்றார் மேரி.

சிஸ்டர் எழுந்துவிட்டார். ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார். நர்ஸ்களைக் கூப்பிட்டார். யார் எந்த ஊருக்கு என்று அங்கேயே பிரித்தார்கள். நான் அந்த அறையில் மேசையோ நாற்காலியோ மாதிரி நின்றுகொண்டிருந்தேன். மேரிதான் திரும்பிப் பார்த்தார்.

"ஏரியூருக்கு நான் போறேங்க. நீங்களும் வாங்க சார்."

பஸ்ஸில் போனோம். ஏரியூரில் இறங்கி நிலக்கடலைக் காடுகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடை. வழியில் மேரி மாதம்மாவைப் பற்றிச் சொன்னார். புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நோய் தொற்றிவிடக் கூடாது என்று குழந்தையை அக்காள் வீட்டில் விட்டுவிட்டு, ஐந்து மாதமாக, ஒரே ஒரு முறை தவிர, ஒழுங்காக வந்து மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள். வரும்போதெல்லாம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, 'எப்பங்க புள்ளயக் கூட்டியாரலாம்' என்று மேரியிடம் கேட்பாளாம்.

மாதம்மா வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் மடியில் இருந்தது.

மேரி அப்படியே நின்றுவிட்டார். மாதம்மா எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தாள். எழுந்த வேகத்தில் இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையில் இருமினாள். நீண்ட இருமல்.

"ஏம்மா மாதம்மா, ஏன் வரல?" என்று கேட்டார் மேரி.

"நீங்கதான் ஆள் அனுப்பலீங்களே."

"ஆள் அனுப்பாட்டி வரக் கூடாதா?"

"அதில்லீங்க. முன்ன ஒருக்கா பத்து நாளு தவறினதுக்கே நர்சம்மா வந்து இதே எடத்துல நின்னாங்க. இந்த வாட்டி இவ்ளோ நாளாச்சு, யாரும் வரல. அப்ப நமக்குத் தீந்துபோச்சு, அதான் வுட்டுட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அக்கா வூட்லருந்து புள்ளயயும் கூட்டியாந்துட்டேங்க."

மேரி குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பெண் செய்ததில் என்ன தப்பு? பட்டியல் காலியாக வந்தபோது சிஸ்டர் என்ன நினைத்தாரோ அதையேதான் அவளும் நினைத்தாள். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றுதான் மனிதர்கள் எடுத்துக்கொள்வார்கள். இதை நான் ஏரியூரில், வெயிலில், கடலைத் தோல் மேல் நின்றுகொண்டு கற்றுக்கொண்டேன்.

"இவங்க யாருங்க? டாக்டருங்களா?" என்று மாதம்மா கேட்டாள்.

மேரி பதில் சொல்வதற்கு முன் நானே சொன்னேன். "நான் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்தவனுங்க. உங்க பேரு அதுல வந்திருக்கணும். வந்திருந்தா அப்பவே ஆள் வந்திருக்கும். வராமப் போனது என் தப்புங்க. என்னை மன்னிச்சிருங்க."

அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அவளுக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது.

"பேரு வராட்டி என்னாங்க, நீங்களே இவ்ளோ தூரம் வந்துட்டீங்களே. உக்காருங்க. ஒரு வா தண்ணி குடிங்க."

தண்ணீர் குடித்தோம். மேரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் தீரவில்லை, மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும், குழந்தையையும் பார்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். 'குழந்தையையும்' என்றதும் மாதம்மாவின் முகம் மாறியது. மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி மேரியிடம் நீட்டினாள். பிறகு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் முன்னால் உட்கார்ந்தோம். குழந்தை மேரியின் மடியில். மாதம்மா பின்னால் கடைசி சீட்டுக்குப் போய், ஜன்னலைத் திறந்து, வெளியே முகத்தை வைத்துக்கொண்டாள். யாரும் அவளை அப்படி உட்காரச் சொல்லவில்லை. குழந்தை அம்மா எங்கே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கையை மட்டும் ஆட்டினாள். பென்னாகரம் வரும்வரை அப்படித்தான்.

குழந்தையின் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இருந்தாலும் சில மாதம் மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர் தலையசைத்தபோது, வராந்தாவில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. மற்ற பதினாறு பேரையும் அந்த வாரத்துக்குள் கண்டுபிடித்து அழைத்து வந்துவிட்டார்கள். மாதம்மாவுக்கு மருந்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இன்னும் சில மாதத்தில் முடிய வேண்டிய சிகிச்சை, அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. குழந்தை அவ்வளவு நாளும் மறுபடி அக்காள் வீட்டில் இருந்தது. அந்த ஒரு வருடத்தை நான் அந்தக் குழந்தைக்குத் திருப்பிக் கொடுக்கவே முடியாது.

நான் ஓசூர் திரும்பவில்லை. அங்கேயே மூன்று நாள் இருந்தேன். மேரியும் நானும் அந்த முதல் திரையைத் திரும்ப எழுதினோம். என் முதல் யோசனை, பழைய இருபத்திரண்டு வரியையும் திரும்பக் கொண்டுவருவது. அவர் தலையை ஆட்டினார்.

"அதுல ஒண்ணு கெட்டுப்போனா எனக்கு எப்படிங்க சார் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி எழுத்து."

சரி என்று, கடிகாரத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதினேன். 'கிளாக் பேட்டரி லோ.'

படித்துப் பார்த்தார். "இதப் படிச்சா நான் என்னாங்க பண்றது? பேட்டரி உங்க சமாச்சாரம். எனக்கு என்னா சமாச்சாரம்?"

"பட்டியல நம்ப முடியாதுங்க."

"அப்ப அத எழுதுங்க சார்."

அந்தத் திரையில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். 'இன்று என்ன தேதி என்று எனக்குத் தெரியவில்லை. இன்று பட்டியல் போட வேண்டாம். அட்டையைப் பாருங்கள். தேதியை டைப் செய்யுங்கள். ஓசூருக்குச் சொல்லுங்கள்.' இப்படி ஒன்றை நானாக ஒரு நாளும் எழுதியிருக்க மாட்டேன். மெஷின் 'தெரியவில்லை' என்று சொன்னால் கம்பெனிக்குக் கேவலம் என்று நினைத்திருப்பேன். கடிகாரம் சரியாக இருக்கும் நாளிலும் தேதியைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்றார். ஸ்டாம்பையும் திரையையும் அவரே ஒப்பிட்டுக்கொள்வாராம். பிரிண்டர், ஃபிளாப்பி, மெமரி என்று ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வியைக் கேட்டார். இது கெட்டால் என் வேலையில் எது கெடும்? நான் என்ன செய்ய வேண்டும்? பதில் இல்லாத வரியை முதல் திரையில் விடவில்லை.

மிச்ச வரிகளைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று கேட்டேன்.

"ஐயோ, வேணாங்க சார். ஒரு சாவிய அமுக்கினா எல்லாம் வர்ற மாதிரி வைங்க. எனக்குப் புரியாட்டி என்னா, போன்ல உங்களுக்குப் படிச்சுக் காட்டறேன். உங்களுக்குப் புரியுமில்ல?"

இன்றைக்கு நீங்கள் எழுதும் சிஸ்டங்களில் இருக்கும் ஹார்டுவேருக்கு முன்னால் எங்கள் மெஷின் பொம்மை. ஆனால் முதல் திரைக்கு எது, உள் திரைக்கு எது என்று பிரிக்க மேரியின் கேள்வியைவிட நல்ல அளவுகோலை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. மறைப்பது சுலபம். கொட்டிவிடுவதும் சுலபம். பார்க்கிறவருக்கு இது எந்த விதத்தில் வேண்டும் என்று அவரிடம் போய்க் கேட்பதுதான் நமக்கு அலுப்பாக இருக்கிறது. பஸ் ஏறிப் போங்கள். நாலு நாள் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

ஓசூருக்குப் போய் மேனேஜரிடம் இன்னொன்றும் சொன்னேன். இதே ஃபிளாப்பி நம்முடைய எல்லாக் கஸ்டமரிடமும் இருக்கிறது, எல்லாருக்கும் என்ன நடந்தது என்று எழுத வேண்டும், புதுசு அனுப்ப வேண்டும். என் வேலை போகும் என்றே நினைத்தேன். அவர், "எத்தன கவர் வேணும்?" என்று கேட்டார். எல்லாக் கடிதத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் அந்தப் பக்கம் நான்கு நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்த மறுநாள் ஓசூருக்கு டிரங்க் கால். மேரிதான். குரலைக் கேட்டதும் பழைய பயம் எனக்கு வந்துவிட்டது.

"சார், காலைல ஆன் பண்ணேங்க. இன்னிக்கு என்னா தேதின்னு தெரியலன்னு சொல்லுச்சு."

"ஐயையோ. என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? நான் சொன்னேன்."

"எதை?"

"தேதியங்க. டைப் பண்ணேன். இன்னிக்குப் பட்டியல மட்டும் மெஷின்ல போடல. அட்டையப் பாத்தேன். மூணு பேரு வரல, ஆள் போயிருக்குது. நீங்க அவசரப்பட்டு வர வேணாம் சார், மெதுவா ஒரு பேட்டரி அனுப்புங்க."

சரி என்றேன். போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"சார், மாதம்மாவுக்குப் போன வாரம் மருந்து முடிஞ்சுதுங்க. புள்ளயோட வந்திருந்தா. ஜன்னல்கிட்ட ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க. உங்களுக்குச் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."